பொன் கரண்டியும் தகரத் தட்டும்
(ஐதராபாத் ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் வாழ்க்கை வரலாறு)

பத்தாம் வகுப்பு மாணவி, பாரூர்

முன்னுரை



பகல் உணவு மணி அடித்ததும் நம் பள்ளி வேப்பமரத்தடியில் எழும் ஓசையை நாம் எல்லோரும் அறிவோம். ஒரே நேரத்தில் நூறு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்கள் திறக்கும் ஓசை அது. என்னுடைய டிபன் பாக்ஸின் மூடியில் என் பாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கிறது. பாட்டிக்குச் சீராக வந்த அந்தப் பாத்திரம் அம்மாவிடம் வந்து, அக்காவிடம் வந்து, இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் நசுங்கிப்போயிருக்கும். அதைக் கொண்டுவர எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் ஐதராபாத்தில் வேலை பார்க்கும் என் தாய்மாமா வீட்டுக்குச் சென்றிருந்தோம். மாமா எங்களைச் சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே நூர்ஜகான் அரசியின் பழம் நறுக்கும் கத்தியைக் கண்டேன். ஜேட் என்னும் பச்சைக் கல்லில் இரத்தினங்கள் பதித்துச் செய்த கத்தி அது. ஒரு மாம்பழம் நறுக்க இவ்வளவு அழகான கத்தியா என்று வியந்து நின்றேன். மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரிச் சீமையிலிருந்து போனவள் அல்லவா! நாங்கள் அரிவாள்மணையில்தான் நறுக்குவோம்.

மறுநாள் புரானி ஹவேலியில் உள்ள நிஜாம் அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். அங்கேதான் மாமா அந்த டிபன் கேரியரைப் பற்றிச் சொன்னார். மூன்று அடுக்கு டிபன் கேரியர். முழுவதும் பொன். அதில் வைரமும் மாணிக்கமும் மரகதமும் பதித்திருக்கிறார்களாம். கூடவே பொன் கோப்பை, பொன் தட்டு, பொன் கரண்டி. ஏழாவது நிஜாமுக்கு உரியவை அவை.

பள்ளி திறந்ததும் இதை எங்கள் வரலாற்று ஆசிரியை சிஸ்டரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். சிஸ்டர் சிரித்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அந்த அரசர் தினமும் எதில் சாப்பிட்டார் என்று தெரியுமா என்பதே அக்கேள்வி. எனக்குத் தெரியவில்லை. அதைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

நிஜாம்களும் நம் பாராமகாலும்

ஐதராபாத் நமக்குத் தூரத்து ஊர்தான். ஆனால் நிஜாம் என்ற பெயர் நம் மண்ணுக்குப் புதியதன்று. நம் கிருஷ்ணகிரிப் பகுதிக்குப் பாராமகால் என்று பழைய பெயர் உண்டு. இது மைசூர் அரசில் ஐதர் அலி, திப்பு சுல்தான் கையில் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயருடனும் மராட்டியருடனும் சேர்ந்து திப்புவை எதிர்த்தவர் அன்றைய நிஜாம். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். பாராமகால் ஆங்கிலேயக் கம்பெனிக்கு வந்தது. கடப்பை முதலிய பகுதிகள் நிஜாமுக்குப் போயின.

நம் பகுதியில் நிலம் அளந்து வரி வகுத்த தாமஸ் மன்றோ, 1800-இல் நிஜாம் ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்த மாவட்டங்களுக்கும் பின்னர் அனுப்பப்பட்டார். பாரூர் ஏரிக்கரையில் நிற்கும் நமக்கும் அந்த ஐதராபாத்துக்கும் இப்படி ஒரு பழைய தொடர்பு உண்டு.

1724 முதல் ஐதராபாத்தை ஆண்ட நிஜாம்கள் பெரும் செல்வர்கள். வைரங்களுக்கு உலகப் புகழ் பெற்ற கோல்கொண்டா அவர்கள் நாட்டில் இருந்தது. அந்த வரிசையில் ஏழாவதாகவும் கடைசியாகவும் ஆண்டவரே மீர் உஸ்மான் அலிகான்.

பிறப்பும் இளமையும்

உஸ்மான் அலிகான் 1886-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐதராபாத்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஆறாவது நிஜாம் மகபூப் அலிகான். தந்தையார் ஆடை அணிகளில் மிகுந்த விருப்பம் கொண்டவர். அவர் ஆடைகளை வைப்பதற்காகக் கட்டிய அலமாரி இன்றும் புரானி ஹவேலியில் இருக்கிறது. நான் அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தேன். இரண்டு அடுக்கு, 176 அடி நீளம். மேல் அடுக்குக்கு ஏறக் கையால் சுற்றி இயக்கும் லிப்டும் உண்டு. ஒரு முறை உடுத்திய உடையை அவர் மறுமுறை உடுத்தியதில்லை என்று சொல்வார்கள்.

இப்படிப்பட்ட தந்தைக்கு மகனாகப் பிறந்தவர் பிற்காலத்தில் கந்தலைத் தைத்து உடுத்துபவர் என்று பெயர் எடுத்தது விந்தையே.

இளவரசருக்கு ஆங்கிலம், உருது, பாரசீகம், அரபு ஆகிய மொழிகள் கற்பிக்கப்பட்டன. உருதுவிலும் பாரசீகத்திலும் கவிதை எழுதும் ஆற்றலும் அவருக்கு வாய்த்தது.

அவருக்கு 22 வயதானபோது ஐதராபாத் நகரையே உலுக்கிய துயரம் ஒன்று நேர்ந்தது. 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். ஆற்றங்கரையில் இருந்த ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட சுமார் 150 பேர் மட்டும் அங்கே உயிர் பிழைத்தார்கள். அந்தப் புளியமரம் இன்றைய உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது.

அரியணை ஏறினார்

1911 ஆகஸ்டு 29 அன்று தந்தையார் மறைந்தார். 25 வயது உஸ்மான் அலிகான் நிஜாம் ஆனார். ஏறத்தாழ 82,000 சதுர மைல் பரப்புள்ள நாடு அவர் கைக்கு வந்தது. இந்திய சமஸ்தானங்களிலேயே செல்வத்திலும் மக்கள் தொகையிலும் முதன்மையானது அது. சொந்த நாணயம், சொந்த ரூபாய் நோட்டு, சொந்தத் தபால் தலை எல்லாம் அதற்கு இருந்தன.

புதிய நிஜாமின் கண் முன்னே வெள்ளத்தில் சிதைந்த நகரம் கிடந்தது. வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்லும்படி, மைசூர் நாட்டில் பிறந்த பொறியியல் மேதை விசுவேசுவரய்யா முன்பே அழைக்கப்பட்டிருந்தார். அவருடைய திட்டப்படி மூசி ஆற்றின் குறுக்கே உஸ்மான் சாகர் அணை 1920-இல் கட்டி முடிந்தது. துணை ஆற்றில் இமாயத் சாகர் 1927-இல் முடிந்தது. முன்பு உயிரைக் குடித்த தண்ணீரே பின்பு நகரத்துக்குக் குடிநீராயிற்று. ஏரித் தண்ணீரின் அருமை நம் ஊராருக்கு நன்றாகத் தெரியும். தென்பெண்ணைத் தண்ணீர் பாரூர் ஏரிக்கு வரும் ஆண்டுக்கும் வராத ஆண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டு உலையே சொல்லிவிடும்.

1918-இல் உஸ்மானியா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆங்கிலத்தில் அல்லாமல் உருது மொழியிலேயே எல்லாப் பாடங்களையும், மருத்துவம் உட்பட, அங்கே கற்பித்தார்கள். அதற்காகவே மொழிபெயர்ப்புத் துறை ஒன்றை அமைத்து, மேல்நாட்டு நூல்களை எல்லாம் உருதுவில் பெயர்த்தார்கள். இந்திய மொழியில் உயர் கல்வி தர முடியும் என்று காட்டிய முதல் பல்கலைக்கழகம் அது. ஆனால் அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் பேசியது தெலுங்கும் மராத்தியும் கன்னடமுமே என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உஸ்மானியா பொது மருத்துவமனையும் உயர் நீதிமன்றக் கட்டிடமும் மூசி ஆற்றங்கரையில் எதிரெதிரே எழுந்தன. மஞ்சீரா ஆற்றில் நிஜாம் சாகர் அணை 1931-இல் முடிந்து வயல்களுக்கு நீர் தந்தது. காசி இந்து பல்கலைக்கழகம், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் அவர் நன்கொடை அளித்தார். மகாபாரதத்தின் திருத்திய பதிப்பை வெளியிட்ட புனே பண்டார்கர் ஆய்வு நிறுவனத்துக்கும் உதவினார். அங்கே இன்றும் நிஜாம் பெயரில் ஒரு விருந்தினர் இல்லம் இருக்கிறது.

பொன்னும் வைரமும்

1937-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நிஜாமின் ஆட்சிக்கு வெள்ளி விழா எடுத்தார்கள். முந்திய ஆண்டே நடந்திருக்க வேண்டிய விழா அது. ஆங்கிலேய மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இறந்ததால் தள்ளிப்போயிற்று. அதே மாதம் 22-ஆம் தேதி அமெரிக்காவின் டைம் பத்திரிகை நிஜாமின் படத்தை அட்டையில் போட்டு, உலகத்திலேயே பெரிய பணக்காரர் என்று அறிவித்தது.

வெள்ளி விழாவுக்கு வந்த பரிசுகளைப் புரானி ஹவேலியில் காணலாம். ஐதராபாத்தின் பெரிய கட்டிடங்களை வெள்ளியில் சிறு உருவங்களாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். நிஜாம் விழாவில் அமர்ந்த பொன் முலாம் பூசிய அரியணையும் உண்டு.

பலக்நுமா அரண்மனையில் 101 பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்ணும் நீண்ட மேசை இருக்கிறது. அது இன்று ஓட்டலாக மாறிவிட்டது. நிஜாமிடம் நூறு விருந்தினருக்குப் போதுமான பொன் உண்கலங்கள் இருந்தன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தட்டு, கிண்ணம், கரண்டி, முள்கரண்டி, கத்தி என்று ஒருவருக்கு எத்தனை உருப்படி! அவற்றைத் துலக்கி எண்ணி வைக்கவே எத்தனை பேர் வேண்டியிருந்திருக்கும் என்று என் அம்மா கேட்டார்கள். நான் அதை நினைக்கவே இல்லை.

ஜேக்கப் வைரத்தின் கதை இதைவிடச் சுவையானது. ஏறத்தாழ 185 காரட் எடையுள்ள அந்த வைரத்தை 1891-இல் ஆறாவது நிஜாம் வாங்கினார். வாங்கிய விவகாரம் வழக்கு வரைக்கும் போனதால் அதன்மேல் அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது. தந்தை இறந்தபின் அந்த வைரம் அவருடைய பழைய செருப்பின் நுனியில் கிடைத்தது. மகன் அதை எடுத்துத் தம் மேசையில் காகிதங்கள் பறக்காமல் இருக்க வைக்கும் கல்லாகப் பயன்படுத்தினார்!

1947-இல் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு நிஜாம் வைர மாலையும் தலை அணியும் பரிசளித்தார். இளவரசி தமக்குப் பிடித்ததைத் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்படி கார்ட்டியர் நகைக் கடைக்குச் சொல்லியனுப்பினாராம். எலிசபெத் பின்னாளில் அரசியாகி 2022-இல் மறைந்தார்.

தகரத் தட்டு

இப்போது சிஸ்டரின் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு பொன் தட்டுகளை வைத்திருந்த அரசர் எதில் சாப்பிட்டார்?

தகரத் தட்டில்! தம் படுக்கையறையில் பாய்மேல் சம்மணமிட்டு அமர்ந்து, தகரத் தட்டில் உண்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். பலக்நுமாவைப் போன்ற மாளிகைகளை விட்டுவிட்டுக் கிங் கோட்டி என்னும் இல்லத்தில் அவர் வாழ்ந்தார். ஒரே துருக்கித் தொப்பியைப் பல ஆண்டுகள் அணிந்தார். இஸ்திரி போடாத பருத்தி உடை, மலிவான சிகரெட்டு. இவற்றை அவரை நேரில் கண்டவர்கள் வியப்போடு பேசினார்கள். சிலர் எளிமை என்று புகழ்ந்தார்கள். சிலர் கஞ்சத்தனம் என்று கேலி செய்தார்கள். கேலிக் கதைகளில் எது உண்மை, எது கூட்டிச் சொன்னது என்று பிரிப்பது எளிதன்று. தகரத் தட்டு மட்டும் எல்லோர் வாயிலும் வருகிறது.

படித்து முடித்ததும் எனக்கு முதலில் மகிழ்ச்சியாக இருந்தது. என் நசுங்கிய டிபன் பாக்ஸைப் போன்ற ஒன்றில் உலகப் பணக்காரரும் சாப்பிட்டிருக்கிறார் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொன்னேன். அன்று இரவு ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வார விடுமுறைக்கு வந்திருந்த அப்பாவிடமும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, வேறு தட்டு இல்லாததால் தகரத் தட்டில் சாப்பிடுகிறவனும் நூறு பொன் தட்டுகளைப் பூட்டி வைத்துவிட்டுத் தகரத் தட்டில் சாப்பிடுகிறவனும் ஒன்றா என்று கேட்டார்கள். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. அதனால் இன்னும் படித்தேன்.

பொன் பாத்திரங்களின் கதி

விலையுயர்ந்த உண்கலங்களைப் பற்றிப் படித்ததில் ஒன்று புரிந்தது. பழங்காலத்துப் பொன் கரண்டிகளும் வெள்ளித் தட்டுகளும் உலகில் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. மண் பானை உடைந்தால் ஓடு மண்ணில் கிடக்கும். பொன் பாத்திரமோ கஷ்டம் வந்தால் உருக்கப்பட்டுவிடும். வடிவம் அழிந்து மீண்டும் வெறும் பொன்னாகிவிடும்.

பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி தம் அரண்மனையின் வெள்ளிச் சாமான்களை 1689-இல் போர்ச் செலவுக்காக உருக்கச் சொன்னார். இங்கிலாந்தில் 1649-இல் மன்னராட்சி ஒழிந்தபோது முடிசூட்டு விழாப் பொருள்களை எல்லாம் உருக்கினார்கள், விற்றார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கரண்டி தப்பியது. வெள்ளியில் செய்து பொன் முலாம் பூசியது அது. 16 ஷில்லிங்குக்கு அதை வாங்கிய ஒருவர் பத்திரமாக வைத்திருந்து, மன்னராட்சி திரும்பியபோது இரண்டாம் சார்லசிடம் கொடுத்துவிட்டார். புதிய மன்னருக்குத் திருத்தைலம் பூசும் சடங்கில் அந்தக் கரண்டி இன்றும் பயன்படுகிறது.

நம் நாட்டு முகலாயர் காலத்துப் பொன் கரண்டி ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாணிக்கமும் மரகதமும் வைரமும் பதித்த அது சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதன் கூட்டாளிகள் எத்தனை உலையில் உருகிப்போயினவோ! அப்படிப் பார்க்கும்போது, நிஜாமின் டிபன் கேரியரும் கரண்டியும் இன்றும் முழுசாக இருப்பதே அரிய செய்திதான்.

மருமகள் செய்த நற்பணி

நிஜாமின் புதல்வர்களில் இருவருக்கு 1931-இல் பிரான்சு நாட்டில் நீஸ் நகரில் திருமணம் நடந்தது. மணமக்களில் துருஷெவார் துருக்கியின் கடைசி கலீபாவின் மகள். நிலோபர் அதே குடும்பத்தைச் சேர்ந்த இளவரசி. இருவரும் ஐதராபாத் பெண்கள் திரையை விட்டு வெளியே வந்து பொதுப்பணி செய்ய வழிகாட்டினார்கள்.

நிலோபருக்குக் குழந்தை இல்லை. அவரிடம் அன்பாகப் பணி செய்த பெண் ஒருத்தி பிரசவத்தின்போது தக்க மருத்துவம் கிடைக்காமல் இறந்துபோனாள். இளவரசி மனம் உடைந்தார். இனி ஒரு தாய் இப்படிச் சாகக்கூடாது என்று உறுதி கொண்டார். தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று மாமனாரிடம் வாதாடினார். அப்படி எழுந்ததே நிலோபர் மருத்துவமனை. மாமாவின் மகன் பிறந்தவுடன் மூச்சுத்திணறியபோது அங்கேதான் ஓடினார்களாம். அந்தக் குழந்தை இன்று முதல் வகுப்புப் படிக்கிறான். இதைச் சொல்லும்போது அத்தையின் கண்கள் கலங்கின.

இருண்ட பக்கம்

ஒருவருடைய வாழ்க்கையை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதுவது முறையாகாது.

நிஜாமின் நாட்டில் பெருநிலக்கிழார்களும் ஜாகீர்தார்களும் இருந்தார்கள். அவர்களுடைய நிலத்திலும் வீட்டிலும் ஏழைகள் கூலியின்றி வேலை செய்ய வேண்டும். இதற்கு வெட்டி என்று பெயர். தெலுங்கானா உழவர்கள் 1946-இல் இதை எதிர்த்துக் கிளர்ந்து எழுந்தார்கள். அரசருக்கென்றே தனி நிலங்களும் ஏராளமாக இருந்தன. அவற்றின் வருமானம் நேரே அவருடைய சொந்தக் கருவூலத்துக்குச் சென்றது. உலகப் பணக்காரரின் பொன்னில் அந்த உழவர்களின் வியர்வையும் கலந்திருந்தது என்பதை மறுக்க முடியாது.

1947-இல் இந்தியா விடுதலை பெற்றபோது நிஜாம் இந்தியாவுடன் இணைய மறுத்தார். தனி நாடாக இருக்க விரும்பினார். ரசாக்கர் என்னும் ஆயுதப் படையினர் ஊர்களில் புகுந்து மக்களைத் துன்புறுத்தினார்கள். நிஜாம் அவர்களை அடக்கவில்லை. 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்தது. 17-ஆம் தேதி நிஜாம் பணிந்தார். அந்த நாட்களிலும் அதன் பின்னரும் குற்றமற்ற முஸ்லிம் மக்கள் பலரும் உயிரிழந்தார்கள். இரு பக்கத்திலும் துன்பப்பட்டவர்கள் எளிய மக்களே.

கடைசி நாட்கள்

புதிய இந்தியாவில் நிஜாம் 1950 ஜனவரி 26 முதல் 1956 அக்டோபர் 31 வரை ஐதராபாத் மாநிலத்தின் ராஜப்பிரமுகராக இருந்தார். இன்றைய ஆளுநர் பதவி போன்றது அது. பின்னர் கிங் கோட்டியில் அமைதியாக வாழ்ந்தார். தம்மை நம்பியிருந்த பெரிய குடும்பத்துக்கும் ஏழைகளுக்கும் உதவப் பல அறக்கட்டளைகளை ஏற்படுத்தினார். இன்று நிம்ஸ் என்று அழைக்கப்படும் பெரிய மருத்துவமனை அவருடைய அறக்கட்டளை தொடங்கிய எலும்பு மருத்துவமனையிலிருந்து வளர்ந்ததே.

பாகிஸ்தானுடன் போர் நடந்த 1965-ஆம் ஆண்டு அவர் நாட்டுக்கு 5,000 கிலோ பொன்னைத் தானமாகக் கொடுத்தார் என்று பலரும் சொல்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்தேன். சரிபார்த்தபோது, தேசியப் பாதுகாப்புத் தங்கப் பத்திரத் திட்டத்தில் 425 கிலோ பொன்னை அவர் முதலீடு செய்தார் என்பதே உண்மை என்று தெரிந்தது. தானம் வேறு, முதலீடு வேறு. எனினும் நாட்டுக்கு நெருக்கடி வந்த வேளையில் பூட்டிக் கிடந்த பொன் வெளியே வந்து பயன்பட்டதே, அதுவும் நன்றே.

1967 பிப்ரவரி 24 அன்று தம் 80-ஆம் வயதில் உஸ்மான் அலிகான் காலமானார். இறுதி ஊர்வலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் எல்லா மதத்தினரும் கலந்து நடந்தார்கள். அரச குடும்பத்தினர் பலர் துயிலும் மக்கா மசூதியில் அவரை அடக்கம் செய்யவில்லை. அவருடைய விருப்பப்படி, கிங் கோட்டிக்கு எதிரே உள்ள ஜூதி மசூதியில் தாயின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்தார்கள்.

நிஜாம் நகைகள் 173-ஐயும் ஜேக்கப் வைரம் உட்பட 1995-இல் இந்திய அரசு 218 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. அவை ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பில் உள்ளன. எப்போதாவது கண்காட்சியில் வைக்கும்போது மட்டும் பொதுமக்கள் காணலாம்.

திருடனின் சாப்பாடு

பொன் டிபன் கேரியரின் கதை இத்துடன் முடியவில்லை. 2018 செப்டம்பர் மாதம் ஓர் இரவு இரண்டு திருடர்கள் புரானி ஹவேலி அருங்காட்சியகத்தின் காற்றுப்போக்கிச் சாளரத்தின் கம்பியை அகற்றி, கயிற்றில் இறங்கி உள்ளே வந்தார்கள். டிபன் கேரியரையும் கோப்பை, தட்டு, கரண்டியையும் எடுத்துச் சென்றார்கள். நகரமே பரபரப்பானது. போலீசார் பல படைகளாகத் தேடி, பத்து நாட்களுக்குள் திருடர்களைப் பிடித்துப் பொருள்கள் எல்லாவற்றையும் மீட்டார்கள்.

அப்போது போலீசார் வெளியிட்ட ஒரு செய்தி எல்லோரையும் சிரிக்க வைத்தது. திருடர்களில் ஒருவன் அந்தப் பொன் டிபன் கேரியரில் தினமும் சாப்பிட்டானாம்! நிஜாம் அதில் ஒரு வேளையாவது உண்டதாகத் தெரியவில்லை. உரியவர் உண்ணாத பாத்திரத்தில் திருடன் சில நாள் உண்டான்.

மாமா இதைச் சொன்னபோது நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. யாருக்கும் சோறு போடாமலே இருந்த பாத்திரம், முதன்முதலாகச் சோறு போட்டது ஒரு திருடனுக்கு என்பது எவ்வளவு பரிதாபம்!

முடிவுரை

எங்கள் வீட்டில் பழைய வெள்ளிப் பொருள் ஒன்றே ஒன்று உண்டு. அது ஒரு பாலாடை. பாட்டியின் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் அதில்தான் பால் புகட்டினார்கள். பிறகு அக்காவுக்கு, எனக்கு, தம்பிக்கு. அக்கம்பக்கத்தில் குழந்தை பிறந்தாலும் கேட்டு வாங்கிப் போவார்கள். அதன் மூக்கு தேய்ந்து மெலிந்திருக்கும். அப்பாவுக்கு வேலை இல்லாமல் போன ஆண்டு, என் பள்ளிக் கட்டணத்துக்காக அம்மா அதை அடகு வைத்தார்கள். எட்டு மாதம் கழித்து மீட்டுக்கொண்டு வந்தபோது பாட்டி அதைப் புளி போட்டுத் துலக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். நான் இன்று இந்தப் பள்ளியில் உட்கார்ந்து எழுதுவதற்கு அந்தப் பாலாடையும் ஒரு காரணம்.

நிஜாமை நான் எப்படி மதிப்பிடுவது? என் வயதுக்கு அது பெரிய வேலை. என் மனத்தில் பட்டதை மட்டும் சொல்கிறேன். தகரத் தட்டில் உண்டதற்காக நான் அவரைப் போற்ற மாட்டேன். அப்பா கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான். பூட்டி வைத்த பொன் யாருக்கும் பயன்படாதபோது, அவர் ஒருவர் தகரத் தட்டில் உண்டதால் பசித்த ஒருவருக்கும் பசி ஆறவில்லை. வெட்டி வேலை செய்த உழவனுக்கும் அதனால் கூலி கிடைக்கவில்லை. ஆனால் வெள்ளத்தைத் தடுத்த ஏரிகளுக்காகவும், பல்கலைக்கழகத்துக்காகவும், என் மாமா மகன் மூச்சுவிடக் காரணமான மருத்துவமனைக்காகவும் அவரை நன்றியோடு நினைப்பேன். பூட்டிலிருந்து வெளியே வந்த செல்வம் நூறு ஆண்டு கழித்தும் குடிநீராக ஓடுகிறது, படிப்பாக வளர்கிறது.

சிஸ்டரிடம் இதைப் படித்துக் காட்டினேன். சிஸ்டர் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. என் டிபன் பாக்ஸை வாங்கி மூடியில் இருந்த பாட்டியின் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

தோழியரே, இப்போது அந்த நசுங்கிய டிபன் பாக்ஸைக் கொண்டுவர எனக்கு வெட்கம் இல்லை. நாளை பகல் உணவு மணி அடித்ததும் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். அம்மா புளிச்சோறும் மாங்காய் ஊறுகாயும் கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் கூடவே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.